ஃப்ரேசியரின் இடக்கை

1964 டோக்கியோ ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அமெரிக்காவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். அதை வென்ற ஜோ ஃப்ரேசியர் பிற்காலத்தில் அந்தப் பதக்கத்தைப் பதினொரு துண்டுகளாக வெட்டச் சொல்லி, தம் பதினொரு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுவிட்டார். நிலத்தைப் பாகம் பிரிப்பதுபோலத் தங்கத்தையும் பிரித்துக் கொடுத்த மனிதர் அவர். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய பொருளாக அது அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய வாழ்க்கையை எழுத உட்காரும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பங்கீடுதான்.

ஃப்ரேசியர் என்றதும் நமக்கு முகமது அலியின் பெயரும் சேர்ந்தே வருகிறது. அலி ராமன் என்றால் ஃப்ரேசியர் ராவணன். அலி மகா கலைஞன் என்றால் ஃப்ரேசியர் அடியைத் தாங்கிக்கொண்டு முன்னேறிய முரட்டு உடம்பு. அரை நூற்றாண்டாக நமக்குச் சொல்லப்பட்டுவரும் கதை இது. ஒரு பெரிய வீரரை இன்னொருவரின் கதையில் துணைப் பாத்திரமாக்கிப் படித்துவிட்டோம் என்பதே என் வருத்தம். ஒலிம்பிக் வெற்றியாளராகவும் தொழில்முறை வீரராகவும் பிறகு வாத்தியாராகவும் அவர் வாழ்ந்ததைத் தனியே எடுத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அந்தச் சித்திரத்தின் நடுவில் இருப்பது அவருடைய இடக்கை.

தென் கரோலினா மாநிலத்தின் போஃபோர்ட் பகுதியில் 1944 ஜனவரி 12 அன்று பிறந்தார். ரூபின், டாலி தம்பதிக்குப் பன்னிரண்டாவது பிள்ளை. அப்பா ரூபின் துப்பாக்கிச் சூடு ஒன்றில் இடக்கையை இழந்தவர். கூலிக்கு வயல்வேலை செய்தார். சோளத்திலிருந்து கள்ளச்சாராயமும் காய்ச்சினார். ஒற்றைக் கையால் ஆகாத வேலைகளுக்கெல்லாம் பக்கத்தில் நின்று கைகொடுத்தவன் சிறுவன் ஜோ. அப்பாவின் இடக்கையாகவே தான் வளர்ந்ததாகப் பின்னாளில் அவர் சொல்லிக்கொள்வதுண்டு.

அவனுடைய சொந்த இடக்கைக்கும் ஒரு கதை உண்டு. வீட்டில் வளர்த்த பெரிய பன்றியைச் சீண்டப்போக, அது துரத்த, ஓடி விழுந்ததில் இடக்கை அடிபட்டது. வைத்தியரிடம் போகப் பணமில்லை. எலும்பு தானாகவே கூடிக்கொண்டது, ஆனால் கை அதன்பின் முழுதாக நீளவில்லை. எப்போதும் சற்று மடங்கியே நின்றது. இடப்பக்க ஹூக் குத்துக்கு முழங்கை மடங்கியிருக்க வேண்டும். மற்ற வீரர்கள் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெறும் அந்த மடிப்பு இவருக்கு வறுமை கொடுத்த ஊனமாகவே வந்துசேர்ந்தது. ஓக் மரத்தில் சாக்கு மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குள் கந்தலும் சோளக்கதிர்த் தக்கையும் செங்கல்லும் போட்டு நிரப்பி, அதைத்தான் தினமும் குத்திப் பழகினான். அந்தக் கறுப்பினக் குடியிருப்புகளில் அன்றைக்குப் பையன்கள் எல்லாருக்கும் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜோ லூயிதான் கனவு.

பதினைந்து வயதில் ஊரைவிட்டுக் கிளம்பினார். வெள்ளைப் பண்ணை முதலாளியோடு ஏற்பட்ட தகராறுதான் காரணம். நிறவெறி சட்டமாகவே இருந்த தெற்கில் அப்படி ஒரு தகராறுக்குப் பின் ஒரு கறுப்பினச் சிறுவன் அங்கேயே இருப்பது ஆபத்து. முதலில் நியூயார்க், பிறகு ஃபிலடெல்ஃபியா. அங்கே ஒரு கசாப்புத் தொழிற்சாலையில் வேலை. குளிர்பதன அறையில் தொங்கும் மாட்டு இறைச்சியைக் குத்திப் பயிற்சி செய்தார். காவல்துறை நடத்திய இளைஞர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு உடம்பு இளைக்கத்தான் போனார். யாங்க் டர்ஹம் என்ற வாத்தியார் கண்ணில் பட்டார். வடசென்னை வழக்கில் 'வாத்தியார்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டோ அவ்வளவுக்கும் உரியவர் டர்ஹம்.

டோக்கியோ வாய்ப்பும் நேர்வழியில் வரவில்லை. தேர்வுப் போட்டியில் பஸ்டர் மேத்திஸ் என்ற பெருத்த உடம்புக்காரரிடம் ஃப்ரேசியர் தோற்றுப்போனார். மேத்திஸின் கையில் காயம் பட்டதால், மாற்று ஆளாக ஃப்ரேசியரை அனுப்பினார்கள். அரையிறுதியில் சோவியத் வீரர் வாதிம் யெமெல்யானவை வீழ்த்தும்போது இடக்கைக் கட்டைவிரல் முறிந்தது. வெளியே சொன்னால் இறுதிப் போட்டியில் இறங்க விடமாட்டார்கள். யாரிடமும் சொல்லாமல், வலியை விழுங்கிக்கொண்டு, ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபருக்கு எதிராக மேடையேறினார். தன் ஒரே பேராயுதமான இடக்கையை அடக்கிவைத்துப் பெரும்பாலும் வலக்கையால் சமாளித்தார். ஐந்து நடுவர்களில் மூவர் அவருக்கு, இருவர் ஹூபருக்கு. மயிரிழை வெற்றி.

நாடு திரும்பியவருக்கு மாலை மரியாதை காத்திருக்கவில்லை. விரலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப்போட்ட கையோடு கசாப்பு வேலை பார்க்க முடியாது. தங்கப் பதக்கக்காரர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் காசில்லை என்று ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் செய்தி வந்தது. அதைப் படித்த ஊர்க்காரர்கள் பணமும் பொருளும் அனுப்பிவைத்தார்கள். அமெச்சூர் வீரருக்குப் பணம் கூடாது என்ற ஒலிம்பிக்கின் அன்றைய கொள்கை வசதி படைத்தவர்கள் வகுத்தது. கூலித் தொழிலாளிக்கு அது எவ்வளவு கொடுமையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1965 ஆகஸ்டில் தொழில்முறைக் களத்தில் இறங்கினார். அந்த ஆண்டின் முடிவில் ஃபிலடெல்ஃபியா வணிகர்கள் சிலர் சேர்ந்து 'க்ளோவர்லே' என்ற முதலீட்டுக் குழுவைத் தொடங்கினார்கள். ஒரு பங்கு 250 டாலர். வீரருக்கு வாரச் சம்பளமும் பயிற்சிச் செலவும் குழுவின் பொறுப்பு. போட்டி வருமானத்தில் குழுவுக்கும் பங்கு. குத்துச்சண்டையில் அன்று தாதாக்களின் பிடி இறுகிக் கிடந்த நிலையில் இது ஓரளவு நேர்மையான ஏற்பாடு. முதலீட்டாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். இந்த விவரத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அவருடைய சண்டைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹெவிவெயிட் வீரர்களில் அவர் உயரம் குறைந்தவர், சுமார் 182 சென்டிமீட்டர். அலி 191. நீண்ட கை உள்ளவர்கள் தூர நின்று ஜாப் குத்தால் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தூரத்தைக் கடக்க ஃப்ரேசியர் இடுப்பை வளைத்து, தலையை இடமும் வலமுமாக ஆட்டி, மேலும் கீழுமாக அமிழ்ந்து எழுந்து, எதிராளியின் மார்புக்குள் புகுவார். புகுந்ததும் முதல் அடி விலாவுக்கு. விலாவைக் காக்கக் கை இறங்கும்போது அடுத்த அடி தாடைக்கு. இரண்டும் அதே இடக்கை. மூன்று நிமிடச் சுற்று முழுக்க ஓயாமல் செய்ய வேண்டிய வேலை இது. நுரையீரலும் தொடையும் இரும்பாக இருந்தாலொழிய முடியாது. இதை வெறும் முரட்டுத்தனம் என்று எழுதுகிறவர்கள் அவர் கால்களைப் பார்க்காதவர்கள். 1966இல் அர்ஜென்டினாவின் ஆஸ்கர் பொனவேனா இரண்டாம் சுற்றில் அவரை இரண்டு முறை கீழே தள்ளினார். மூன்றாவது முறை விழுந்திருந்தால் அன்றைய விதிப்படி கதை முடிந்திருக்கும். எழுந்து நின்று பத்துச் சுற்றும் ஆடிப் புள்ளிகளில் வென்றார். எட்டி ஃபட்ச் என்ற இன்னொரு வாத்தியார் டர்ஹமோடு சேர்ந்து தலையாட்டத்தைச் செதுக்கியது இந்தக் காலத்தில்தான்.

1967இல் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை மறுத்த அலியின் பட்டத்தையும் உரிமத்தையும் பறித்தார்கள். காலியான பட்டத்துக்கு உலகக் குத்துச்சண்டைச் சங்கம் நடத்திய தொடரில் ஃப்ரேசியர் சேரவில்லை. 1968 மார்ச் 4 அன்று, டோக்கியோவுக்கு முன் தன்னைத் தோற்கடித்த அதே பஸ்டர் மேத்திஸைப் பதினோராம் சுற்றில் வீழ்த்தி நியூயார்க் மாநில ஆணையத்தின் பட்டத்தைப் பெற்றார். சங்கத் தொடரில் வென்றிருந்த ஜிம்மி எல்லிஸை 1970 பிப்ரவரி 16 அன்று ஐந்தாம் சுற்றுக்கு எழவிடாமல் செய்து, முழு உலகப் பட்டத்தையும் தன்னதாக்கினார். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எல்லிஸைத் தெரியும்: 1980இல் அலி சென்னை நேரு விளையாட்டரங்குக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது எதிரே கையுறை மாட்டி நின்றவர் இவரே. ஃப்ரேசியரின் நிழல் மட்டும் அன்றைக்குச் சென்னை வரை எட்டியது என்று சொல்லலாம்.

அலி தடையில் இருந்த காலத்தில் ஃப்ரேசியர் என்ன செய்தார் என்பதுதான் கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அப்போது அலியும் ஃபிலடெல்ஃபியாவில் குடியிருந்தார். கைச்செலவுக்கு இல்லாத அலிக்கு ஃப்ரேசியர் பணம் கொடுத்து உதவினார். உரிமத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று அவருக்காகப் பேசினார். இருவரும் ஒரே காரில் போகும் அளவுக்குப் பழக்கம். 1970 இறுதியில் உரிமம் கிடைத்தது, போட்டி உறுதியானது. அதோடு அலியின் பேச்சும் மாறியது. ஃப்ரேசியர் அறிவற்றவர், அழகற்றவர், வெள்ளையரின் கைப்பாவை, கறுப்பினத்தின் துரோகி என்று மேடைதோறும் முழங்கினார்.

இதில் உள்ள புரட்டைக் கவனிக்க வேண்டும். அலி லூயிவில் நகரத்து விளம்பரப் பலகை ஓவியரின் மகன், வசதி குறைவென்றாலும் பட்டினி அறியாத வீடு. அவருடைய தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கிவைத்ததும் லூயிவில்லின் பதினொரு வெள்ளைத் தொழிலதிபர்கள் கொண்ட குழுவே. கூலி விவசாயியின் மகனை, நிறவெறிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்தவரை, வெள்ளையரின் ஆள் என்று சொல்ல அலிக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. போர் எதிர்ப்பில் அலி காட்டிய துணிவு மாபெரும் துணிவு. அதற்கு என் தலை வணங்கும். அந்தத் துணிவின் வெளிச்சத்தில் இந்த அநியாயத்தை மறைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் ஃப்ரேசியரின் பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். தன் இன மக்களே தன்னைப் பார்த்து ஊளையிட்டதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1971 மார்ச் 8. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன். தொழில்முறைக் களத்தில் இருவரும் அதுவரை தோல்வி காணாதவர்கள். ஆளுக்கு 25 லட்சம் டாலர். ஒலிம்பிக் தங்கம் வென்ற இருவர், 1960இல் ரோமில் ஒருவர், 1964இல் டோக்கியோவில் மற்றவர். ஃபட்ச் ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்: அலி வலக்கையால் கீழிருந்து மேலாகக் குத்தும்போது அந்தக் கை தாழ்கிறது, தாடையின் வலப்பக்கம் ஒரு கணம் திறந்துகிடக்கிறது. அந்தக் கணத்தில் இடக்கை ஹூக்கை வீசு என்பது வாத்தியார் கட்டளை. பதினோராம் சுற்றில் அந்தக் குத்து இறங்கியபோது அலியின் கால்கள் தள்ளாடின. பதினைந்தாம் சுற்றில் அது முழுதாக இறங்கியது; அலி மல்லாந்து விழுந்தார். நடுவர் ஆர்தர் மெர்கான்டேயும் மற்ற இரு நடுவர்களும் ஒருமித்து ஃப்ரேசியருக்கே வெற்றி என்றார்கள்.

வென்றவர் அதன்பின் பல நாள் மருத்துவமனையில் கிடந்தார். அடுத்த மாதம் தென் கரோலினா சட்டமன்றம் அவரை அழைத்துப் பேசச் சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்குப் பிறகு அந்த மன்றத்தில் பேசிய முதல் கறுப்பினத்தவர் அவர். துரோகி என்று தூற்றப்பட்டவருக்கு வாய்த்த இந்தச் சரித்திர இடத்தை அலி வரலாறுகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

உச்சி அதுதான். 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றில் ஆறு முறை அவரைத் தரையில் போட்டார். ஃபோர்மன் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கின் தங்கம். 1973 ஆகஸ்டில் டர்ஹம் இறந்துபோனார். 1974இல் அலியோடு இரண்டாவது மோதல், புள்ளிகளில் தோல்வி.

1975 அக்டோபர் 1, மணிலா. அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையிலேயே போட்டி. உள்ளே காற்று வேகும் வெக்கை. அதற்குமுன் செய்தியாளர்கள் முன்னிலையில் அலி ஒரு ரப்பர் கொரில்லா பொம்மையை எடுத்து, அதுதான் ஃப்ரேசியர் என்று குத்திக் காட்டியிருந்தார். கறுப்பின மனிதரைக் குரங்கென்று சொல்லும் வழக்கு எந்தக் குப்பையிலிருந்து வந்தது என்று அலிக்குத் தெரியாததல்ல. நடுச்சுற்றுகளில் ஃப்ரேசியர் அலியின் விலாவை நொறுக்கினார். பிறகு அலியின் குத்துகள் முகத்தைச் சிதைத்தன. இங்கே ஒரு ரகசியம் சேர்கிறது: ஃப்ரேசியரின் இடக்கண் பல ஆண்டுகளாகவே பார்வை மங்கியது. மருத்துவப் பரிசோதனைகளை எப்படியெப்படியோ கடந்துவந்திருக்கிறார். முகம் வீங்கி மற்றக் கண்ணும் மூடிக்கொண்டே வந்தபோது, வருகிற குத்து எதுவும் தெரியாமல் நின்றார். பதினான்காம் சுற்று முடிந்ததும் ஃபட்ச் அவரை உட்காரச் சொல்லிவிட்டார். ஃப்ரேசியர் மன்றாடினார்; ஃபட்ச் இசையவில்லை. மேடையிலேயே உயிர்விட்ட வீரர்களைப் பார்த்த மனிதர் அவர். சாவுக்கு மிக அருகில் போய்வந்ததுபோல் இருந்ததாக வென்ற அலியே சொன்னார். குத்துச்சண்டை வரலாற்றில் ஒரு வாத்தியார் எடுத்த மிகச் சரியான முடிவு அது என்பேன்.

1976 ஜூனில் ஃபோர்மனிடம் மறுபடி தோற்று ஓய்வு பெற்றார். 1981 டிசம்பரில் ஒரே ஒரு தடவை திரும்பி வந்து ஆடினார், சமநிலை. தொழில்முறையில் ஆக மொத்தம் 37 போட்டிகள், 32 வெற்றி, அதில் 27 நாக்அவுட். நான்கே தோல்விகள், அவையும் இரண்டே பேரிடம்: அலி, ஃபோர்மன். இருவருமே ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள், இருவருமே ஹெவிவெயிட் வரலாற்றின் முதல் வரிசை. இப்படிப்பட்ட தோல்விக் கணக்கு வேறு எவருக்கும் எளிதில் வாய்க்காது.

ஓய்வுக்குப் பிந்தைய முப்பத்தைந்து ஆண்டுகள் எனக்கு மேடை நாட்களைவிட முக்கியமாகப் படுகின்றன. ஃபிலடெல்ஃபியாவின் நார்த் பிராட் தெருவில் க்ளோவர்லே குழு தொடங்கிய பயிற்சிக்கூடம் அவர் வசமாகி 'ஜோ ஃப்ரேசியர் ஜிம்' ஆனது. பஞ்சாலைகளும் தொழிற்சாலைகளும் மூடி, வேலை போய், போதை புகுந்துவிட்ட பகுதி அது. தெருப் பிள்ளைகள் வந்து கையுறை மாட்ட அவர் கதவு திறந்தே இருந்தது. பின்னாளில் அந்தக் கூடத்தின் மாடியிலேயே குடியிருந்தார். மகன் மார்விஸும் அங்கேதான் பழகினார். பத்தே போட்டிகள் ஆடியிருந்த மார்விஸை 1983இல் உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸ் எதிரே நிறுத்தியது தந்தையின் பிழை. முதல் சுற்றிலேயே முடிந்தது. 1986இல் மைக் டைசன் அரை நிமிடத்தில் முடித்தார். மகன் தன்னைப்போல இருக்க வேண்டும் என்ற ஆசையில் மகனுடைய அளவை அப்பா பார்க்கத் தவறிவிட்டார். மார்விஸ் பிறகு சமய ஊழியரானார். வழக்கறிஞரான மகள் ஜாக்கி 2001இல் அலியின் மகள் லைலாவோடு எட்டுச் சுற்று மோதிப் புள்ளிகளில் தோற்றார். பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் நீதிபதியானார்.

பணம் நிற்கவில்லை. அம்மாவுக்குத் தென் கரோலினாவில் பண்ணை நிலம் வாங்கித் தந்தார். ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே வாங்கிய நிலம் விற்ற வகையில் வரவேண்டிய தொகை முழுதாக வந்துசேரவில்லை. 'நாக்அவுட்ஸ்' என்ற இசைக்குழுவோடு பாடித் திரிந்தார், அதில் லாபமில்லை. ஃபோர்மன் சமையல் அடுப்பு விளம்பரத்தில் பெருஞ்செல்வர் ஆனார். அலி உலகத்தின் செல்லப் பிள்ளை ஆனார். மாட்டு இறைச்சியைக் குத்திப் பழகும் காட்சியை 1976இல் வெளிவந்த 'ராக்கி' திரைப்படம் எடுத்துக்கொண்டது. ஃப்ரேசியரும் அந்தப் படத்தில் சில நொடிகள் தலைகாட்டினார். பிறகு ஃபிலடெல்ஃபியா நகரம் சிலை வைத்தது, ராக்கி என்ற கற்பனைப் பாத்திரத்துக்கு. ரத்தமும் சதையுமாக அதே ஊரில் இருந்தவருக்கு அவர் உயிரோடிருந்தவரை சிலை இல்லை.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியதைப் பார்த்து உலகமே கண்கலங்கியபோது, ஃப்ரேசியர் கசந்து பேசினார். அலியின் நோயைத் தன் கைவரிசைக்குக் கிடைத்த சான்று போலச் சொன்னார். அது தவறு. நோயாளியைப் பார்த்து யாரும் சொல்லக்கூடாத சொல். அந்த ஆண்டு வந்த அவருடைய தன்வரலாற்றிலும் அந்தக் கசப்பு அடங்கவில்லை. ஆனால் உதவிய கையைக் கடித்தவர் உலகத்தின் முன் புனிதராக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனின் வலி அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2001இல் நியூயார்க் டைம்ஸ் இதழிடம் அலி வருத்தம் தெரிவித்தார்: சொல்லக்கூடாததைச் சொன்னதாகவும் போட்டிக்கு ஆள் சேர்க்கவே அப்படிப் பேசியதாகவும். முதலில் ஏற்றுக்கொண்ட ஃப்ரேசியர், மன்னிப்பைப் பத்திரிகையிடம் கேட்காமல் தன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அது நியாயமான எதிர்பார்ப்புதான்.

மறுவாசிப்பும் அதே ஆண்டில் தொடங்கியது. மணிலா போட்டியை நேரில் எழுதிய பத்திரிகையாளர் மார்க் கிராம், அலியின் மறுபக்கத்தை எழுதி ஒரு நூல் வெளியிட்டார்; பலர் அவர்மேல் கோபப்பட்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், அவருடைய மகன் மார்க் கிராம் ஜூனியர் ஃப்ரேசியரின் முழு வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அப்பா தொடங்கிய வேலையை மகன் முடித்துவைத்தார்.

ஃப்ரேசியர் அதைப் பார்க்கவில்லை. பயிற்சிக்கூடம் 2008இல் மூடப்பட்டது. கீழ்த்தளம் மலிவு விலை மேசை நாற்காலிக் கடையாயிற்று. கல்லீரல் புற்றுநோய் கண்டு சில வாரங்களிலேயே, 2011 நவம்பர் 7 அன்று, அறுபத்தேழு வயதில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு அலி வந்திருந்தார். ஃப்ரேசியருக்காக எழுந்து நில்லுங்கள் என்று பாதிரியார் ஜெஸ்ஸி ஜாக்சன் கேட்டுக்கொண்டபோது, பேச முடியாத அலி தடுமாறி எழுந்து நின்று கைதட்டினார்.

2013இல் அந்தப் பயிற்சிக்கூடக் கட்டடம் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2015 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் விளையாட்டரங்க வளாகத்தில் அவருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். சிற்பி ஸ்டீபன் லேன் தேர்ந்தெடுத்தது 1971ஆம் ஆண்டின் பதினைந்தாம் சுற்று: இடக்கை வீசி முடித்த கணம்.